வாசலில் கொட்டும் நீருக்கு வரம்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்கு அளித்தார் வள்ளுவர். அந்த மழை பொய்க்கும்போது இருக்கின்ற நீரை எவ்வாறு பங்கிடுவது? 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தை ஏமாற்றியது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. நம் திண்டுக்கல் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. ஆகவே இக்கேள்வி வேடசந்தூர் மாணவர்களாகிய நமக்குப் புதியதன்று.

வறட்சி வந்தால், வீட்டுக்கு வெளியே செலவாகும் நீருக்கே பல நகரங்கள் முதலில் தடை விதிக்கின்றன. காரணம் எளிது. குடிப்பதையும் சமைப்பதையும் ஒத்திப்போட இயலாது. வண்டி கழுவுவதை ஒத்திப்போடலாம். மேலும், வீட்டினுள் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வழியுண்டு. வெயிலில் தரையில் கொட்டிய நீரோ பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது.

2024 மார்ச்சில் பெங்களூரில் இது நடந்தது. வாகனம் கழுவவும், தோட்டத்துக்கும், கட்டட வேலைக்கும், அலங்கார நீரூற்றுக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நகரக் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அம்மாதத்திலேயே 22 குடும்பங்கள் அபராதம் செலுத்த நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டியது.

இந்த 50 லிட்டரை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். தோட்டத்து ரப்பர் குழாயின் கீழ் 15 லிட்டர் குடத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் குடம் நிரம்பிவிட்டது. அப்படியானால் அரைமணி நேரம் கார் கழுவினால் 30 குடம், அதாவது 450 லிட்டர். கேப் டவுன் கணக்குப்படி ஒன்பது பேரின் ஒருநாள் நீர். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளில் என் தாயார் சுமந்து வருவது பத்துக் குடம். அவர் மூன்று முறை வரிசையில் நின்று பெறுவதை ஒரு ரப்பர் குழாய் அரைமணியில் தீர்த்துவிடுகிறது!

எங்கள் வீட்டில் அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் முருங்கைக்குத்தான் போகும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘வெளிப்புற நீர்ப் பயன்பாடு’ என்ற சொற்றொடரைப் புத்தகத்தில் படித்தபோது, எங்கள் வீட்டில் குறைப்பதற்கு அப்படி ஏதும் இல்லையே என்றுதான் தோன்றியது. குடம் தூக்குவோர் எந்த ஆணையும் இன்றியே சிக்கனமாக வாழ்கின்றனர். ஆணை தேவைப்படுவது குழாயும் மோட்டாரும் உள்ள இடங்களுக்கே.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இத்தகைய தடைகள் பெரும்பாலும் குழாயில் வரும் குடிநீரையே குறிக்கின்றன. ‘என் போர், என் தண்ணீர்’ என்பவரை அவை தொடுவதில்லை. ஆனால் நம் வட்டாரம் கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறைப் படிவிலும், கீழே விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். அவ்விரிசல்கள் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. ஒருவர் ஆழமாகத் துளையிட்டு இறைத்தால், பக்கத்துத் தோட்டக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கக்கூடும். நிலம் தனியாருடையதாயினும் நிலத்தடி நீர் பொதுச் சொத்தே.

எனவே வரம்பு என்றால் போருக்கும் சேர்த்தே வரம்பு வேண்டும். அதுவும் ஏரி, கிணறு வற்றிய பிறகன்று. நீர்மட்டம் இறங்கத் தொடங்கும்போதே தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! அரசாணைக்குக் காத்திராமல் நம் கல்லூரியிலேயே தொடங்குவோம். செடிகளுக்கு உச்சிவெயிலில் நீர் விடாது மாலையில் விடுவோம். கை கழுவும் தொட்டியின் நீரை மரங்களுக்குத் திருப்புவோம். கிணற்று நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். அளந்து பார்ப்பவன் வீணாக்கமாட்டான். அறிவியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி வேறு உண்டோ?