எஸ்.பி.எல். யாருடைய ஆள்?

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எஸ்.பி.எல். எனும் பள்ளி மாணவர் தலைவர் என்றதும் காலை வழிபாடுதான் நினைவுக்கு வரும். 'அட்டென்ஷன்' சொல்ல வேண்டும், உறுதிமொழி வாசிக்க வேண்டும், தாமதமாக வருகிறவர்களைத் தனி வரிசையில் நிறுத்த வேண்டும். அதனால் பல இடங்களில் நன்றாகப் படிக்கிற, கணீரென்ற குரலுள்ள ஒரு பையனைப் பார்த்து, "இந்த வருஷம் நீதான்டா" என்று ஆசிரியர்களே முடித்துவிடுகிறார்கள்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படி வருகிறவன் ஆசிரியர்களுக்கு எடுபிடி ஆவானே தவிர, மாணவர்களுக்குப் பிரதிநிதி ஆகமாட்டான். அதனால் எங்கள் பள்ளியில் தேர்தல் வைக்கிறோம். வேட்புமனு, முன்மொழிபவர், மனுவைத் திரும்பப் பெற ஒரு நாள், சின்னம் எல்லாம் உண்டு. கட்சிச் சின்னம் மட்டும் கூடாது; பென்சில், பட்டம், பந்து என்று வைத்துக்கொள்ளலாம். விரலில் ஸ்கெட்ச் பேனா மை. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால்தான் எண்ணிக்கை.

பிரச்சாரத்தில் ஒருவன், "எல்லாரையும் ஊட்டிக்கு டூர் கூட்டிட்டுப் போவேன்" என்றான். ஏழாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "பஸ்ஸுக்குக் காசு யாருண்ணா குடுப்பாங்க?" என்று கேட்டாள். வாக்குறுதிக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் 18 வயதில் ஓட்டுரிமையோடு சேர்ந்து வந்துவிடாது. இங்கேதான் பழக வேண்டும்.

வென்றவர்களைக் கொண்ட மாணவர் மன்றத்தில் உணவு, சுகாதாரம், நூலகம், விளையாட்டு என்று அமைச்சர்கள் உண்டு. ஓர் ஆண்டு விளையாட்டு அமைச்சராக இருந்த மாணவி கொண்டுவந்த புகார்: "பி.இ.டி. பீரியடை எல்லாம் கணக்கு மிஸ்ஸும் சயின்ஸ் சாரும் எடுத்துக்கிறாங்க." ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் எந்தக் கிழமை, எந்தப் பீரியட், யார் வந்தார்கள் என்று அவள் குறித்து வைத்திருந்தாள். மறுக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வுவரை விளையாட்டு நேரத்தைத் தொடுவதில்லை, அதன்பின் பத்தாம் வகுப்பு மட்டும் வாரம் ஒன்றை விட்டுக்கொடுக்கும் என்று தலைமையாசிரியர் பேசி முடித்தார்.

மாணவிகள் கழிப்பறைத் தாழ்ப்பாள் போன்ற செலவுள்ள கோரிக்கைகள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால் அம்மாக்கள் அங்கே விடமாட்டார்கள்.

தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றது. அதற்காக எல்லாச் சுமையையும் பிள்ளைகள் தலையில் ஏற்றக் கூடாது. சக மாணவரைத் தண்டிப்பது மன்றத்தின் வேலையல்ல. பாலியல் தொல்லைப் புகாரை ஒரு மாணவத் தலைவி விசாரிக்கவே கூடாது. உடனே பெரியவர்களிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும்.

எங்கள் மன்றப் பதிவேட்டில் மூன்றே பத்திகள்: கேட்டது, பதில், தேதி. "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு எழுதினால். உங்கள் பிள்ளை பள்ளியில் மாணவர் மன்றம் இருந்தால், ஆண்டு விழாவில் பேட்ஜ் குத்தும்போது கைதட்டிவிட்டு, அந்த இரண்டாவது பத்தியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது காலியாகக் கிடந்தால், அங்கே இருப்பது வெறும் பேட்ஜ்தான்.