விடுதிக்குச் செல்லும் பிள்ளைக்கு வெயில் நாட்டு ஆயத்தங்கள்

தோட்டப்புறப் பிள்ளைகள் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் தேர்வு பெறும் செய்தி இன்று பல இல்லங்களை மகிழ்விக்கின்றது. அம்மகிழ்ச்சியின் பின்னே பெற்றோருக்கு ஒரு கவலையும் எழுகின்றது. பிள்ளை விடுதிக்குக் குடிபோகும் நாளில் எவற்றைக் கொடுத்தனுப்புவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே அக்கவலை.

செனாய் வட்டாரத் தோட்டமொன்றில் நாம் ஒரு தாயாரைச் சந்தித்தோம். மகளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த வாரத்திலேயே அவர் பெரிய பெட்டி, கனத்த கம்பளி, மின்சாரக் கேத்தல் ஆகியவற்றைத் தவணைக் கடனில் வாங்கிவிட்டார். விடுதியின் விதிமுறைத் தாள் பின்னரே வந்தது. கேத்தலுக்கு விடுதியில் அனுமதியில்லை. கம்பளிக்கோ நம் நாட்டு வெப்பத்தில் வேலையில்லை. ஆனால் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இத்தகைய வீண் கடன் எந்தக் குடும்பத்திற்கும் நேராதிருக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

எந்த ஊருக்குச் செல்கின்றார்?

செனாய்க்கு அண்மையிலுள்ள ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1972இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இக்கழகம் 1975இல் இன்றைய பெயரை ஏற்றது. அங்கு இடம் கிடைத்த பிள்ளைக்கு மறந்துபோன பொருளை அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கெடாவின் சிந்தோக்கில் உள்ள வடமலேசியப் பல்கலைக்கழகத்திற்கு அல்லது கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் பிள்ளையின் நிலை வேறு. முன்னவர் லார்க்கின் நிலையத்தில் பேருந்து ஏறி நெடும்பயணம் செய்ய வேண்டும். பின்னவர் செனாய் விமான நிலையத்திலிருந்து கடல் கடந்து செல்ல வேண்டும். விமானத்தில் ஒவ்வொரு கிலோ சுமைக்கும் கணக்குண்டு. வாளி, தலையணை, துணிமாட்டி போன்றவற்றைச் சென்று சேர்ந்த ஊரிலேயே வாங்குவது மலிவாகும்.

வெப்பமும் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. செனாய் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் வெக்கையும் மழையும் கலந்தே இருக்கும். வட மாநிலங்களிலோ ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகிய 40.1 பாகை செல்சியஸ், 1998 ஏப்ரலில் பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவாயிற்று. ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து மூன்று நாள்கள் 35 பாகையை எட்டினாலே வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்கின்றது. வடக்கே செல்லும் பிள்ளை இதனை அறிந்திருத்தல் நன்று.

உடல் வெப்பத்தைத் தாங்கும் விதம்

பால்மரம் சீவுவோர் விடியுமுன் நிரையில் இறங்குவது ஏன் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியிடும், அழுத்தம் குறையும், ஓட்டமும் தளரும்.

மனித உடலும் நீரைக் கொண்டே வெப்பத்தை வெல்கின்றது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். அவ்வாறு வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மின்விசிறியின் காற்று வியர்வையை ஆவியாக்க உதவும். தடித்த செயற்கை இழைத் துணியோ அதனைத் தடுக்கும். ஆதலின் பிள்ளைக்குப் பருத்தி உடைகளே ஏற்றவை.

தோட்டத்து வீட்டைச் சுற்றி மரநிழல் உண்டு. விடுதியோ பெரும்பாலும் மாடிக்கட்டடம். அதன் காறைச் சுவர்கள் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் வெளிவிடும். கூரைக்குக் கீழுள்ள மேல்மாடி அறை இன்னும் வெக்கையாக இருக்கும். பல விடுதி அறைகளில் மின்விசிறி மட்டுமே உண்டு. புதிய வெப்பச் சூழலுக்கு உடல் பழகுவதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். முதல் நாள்களில் தூக்கம் கெட்டால் பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை. மாலையில் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் செய்து, குளித்துவிட்டுப் படுத்தால் உறக்கம் வரும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

முதலிடம் பத்திரங்களுக்கே உரியது. சேர்க்கைக் கடிதம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். முதலிய தேர்வுச் சான்றிதழ்கள், மருத்துவப் பரிசோதனைப் பாரம், கடவுச்சீட்டளவுப் புகைப்படங்கள், கட்டண இரசீதுகள் ஆகியவற்றை மூலமும் நகலுமாக ஒரு நெகிழி உறையில் இட்டு, பிள்ளை தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வழியில் மழை பெய்தால் பெட்டி நனையலாம். பத்திரம் நனையக் கூடாது.

அடுத்து, இரண்டு மெத்தை விரிப்புகள், தலையணை உறைகள், ஒரு மெல்லிய போர்வை, இரண்டு துவாலைகள், ஒரு வாரத்திற்குப் போதுமான உடைகள், அறிமுக வாரத்திற்கென நிருவாகம் குறிப்பிட்டுள்ள சீருடை, குடை, செருப்பு, அலமாரிக்கு ஒரு பூட்டு, பெரிய தண்ணீர்ப் புட்டி ஆகியவை வேண்டும். நன்கு காயாத துணியை அலமாரியில் வைத்தால் நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே துணிக்கொடிக்கு ஒரு கயிறும் சில கவ்விகளும் உதவும்.

மின்சாரப் பொருள்களைப் பொறுத்தவரை, விதிமுறைத் தாளைப் படிக்காமல் எதனையும் வாங்கலாகாது. சமையல் அடுப்பு, சோற்றுப் பானை, கேத்தல் போன்றவற்றைப் பல விடுதிகள் தடுக்கின்றன. ஒரே இணைப்பில் பல கருவிகளைச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அனுமதி இருந்தால், சிரிம் முத்திரையுள்ள சிறு மேசை விசிறி ஒன்று போதுமானது.

குடிபோகும் நாளில்

பதிவு நாளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே வேளையில் வந்து கூடும். வெயிலில் வரிசை நிற்க வேண்டியிருக்கும். பெட்டிகளை மாடிக்குத் தூக்க வேண்டியிருக்கும். காலையிலேயே சென்று சேருங்கள். வெறும் வயிற்றுடன் புறப்படாதீர்கள். தாகம் எடுக்குமுன் சிறுகச் சிறுகத் தண்ணீர் அருந்துங்கள். உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் வியர்வையில் இழந்த உப்பை ஈடுசெய்யும். முதியோரையும் குழந்தைகளையும் மூடிய வாகனத்தில் விட்டுச் செல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலும், நினைவு தடுமாறினாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அப்போது வாயில் எதுவும் ஊற்றாமல், உடலை நீரால் குளிர்வித்துக்கொண்டே 999 எண்ணுக்கு அழையுங்கள்.

கொசுவும் காய்ச்சலும்

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். குளியலறை வாளியில் நீர் தேங்கவிடாமல் வாரந்தோறும் கழுவி ஊற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இக்கொசு பெரும்பாலும் காலையிலும் அந்தி வேளையிலும் கடிக்கின்றது. காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின் மாத்திரையை உட்கொள்ளலாகாது. அது இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். பாராசித்தமோல் அளவோடு உட்கொண்டு, தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

முதல் மாதம்

பொருள்கள் யாவும் சரியாக அமைந்தாலும், வீட்டு நினைவு பிள்ளையை வாட்டும். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைக்கு வழிகாட்ட மூத்தவர் எவரும் இரார். வெக்கையில் உறக்கமின்றி, புதியவர் நடுவே தனித்து இருக்கும் அந்த வாரங்களிலேதான் திரும்பி வந்துவிடலாம் என்னும் எண்ணம் தலைதூக்கும். முதன்முறை திறந்த மரம் அன்றே நிறையப் பால் தருவதில்லை. சில வெட்டுகளுக்குப் பின்னரே ஓட்டம் பெருகுகின்றது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் அழைக்கும்போது மதிப்பெண்ணைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கையில் பணம் இருக்கின்றதா என்று கேளுங்கள். பணம் போதவில்லை என்றால் அதனை மறைக்காமல் சொல்லும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கல்லூரியின் மாணவர் நலப் பிரிவை அணுகவும் அறிவுறுத்துங்கள். பெட்டி வாங்குவதற்கென எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை இம்முதல் மாதச் செலவுக்கு ஒதுக்கிவையுங்கள். பழைய பெட்டியே போதும். அதனை நன்கு துடைத்து, பூட்டைச் சரிபார்த்து அனுப்புங்கள்.