பேரன் வீட்டு நோயாளியும் என் மண்புழுத் தொட்டியும்

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரல் பக்கம் இருக்கும் என் தோட்டத்தில் வாழைக்குப் பக்கக்கன்று எடுத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, பஞ்சு ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல. பய அழுதுகிட்டே இருக்கான். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

பஞ்சு ஆடும் இல்லை, மாடும் இல்லை. பேரனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு மருமகன் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து பார்சலில் வரவழைத்துக் கொடுத்த ஆக்ஸலாட்டில். பேரன் விளையாடும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021-இல் இந்தப் பிராணியைச் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர்களும் வாங்கிக் கொடுக்கிறார்கள். வங்கியில் இருந்த காலத்தில் கடன் கொடுப்பதற்கு முன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவன் நான். அதனால் வீட்டில் எந்த உயிருக்கு நோய் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

போய்ப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. ரோஸ் நிறம். தலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்றாக சிவந்த இறகு மாதிரி செவுள்கள். தவளை, தேரை இனத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரட்டை தவளையாக மாறாமல், தலைப்பிரட்டையாகவே வளர்ந்து, முட்டையும் இட்டு, பத்துப் பதினைந்து வருடம் தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. கால் போனால் கால் முளைக்கும். வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும். நோய் வந்தாலும் அதே சிரிப்புதான். மாடு என்றால் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். இது சொல்லாது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்ததும் சில விஷயங்கள் பிடிபட்டன. செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தன. வால் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்தது. தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டால் 30 டிகிரி.

"தாத்தா, பஞ்சு செத்துப் போயிருமா?"

"தெரியலய்யா" என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்ல வரவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் அழுக்கு, அதுதான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டி, தொட்டியைக் காலி செய்து, குழாயைத் திருகி நேராகப் பிடித்து நிரப்பினேன். வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர். நமக்கு நல்ல தண்ணீர்தான், ஆனால் குளோரின் கலந்தது. இந்தப் பிராணி செவுளால் மட்டுமல்ல, தோலாலும் சுவாசிக்கிறது. அரை மணி நேரத்தில் தொட்டிக்குள் இங்குமங்கும் முட்டி மோதியது. பேரன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைக்காரருக்கு மகள் போன் செய்தாள். "நீல மருந்து ரெண்டு சொட்டு ஊத்துங்க, சரியாயிரும்" என்றார். நம்ம ஊர் உரக்கடையில் இலை மஞ்சளாயிடுச்சு என்று சொன்னால், வயலைப் பார்க்காமலே டப்பாவை எடுத்து நீட்டுவார்களே, அதே குரல். இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டு, தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். மீன்வளக் கல்லூரியில் படித்து, இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் சோதித்துக் கொடுக்கிறவர். சோதனைப் பெட்டியோடு வந்தார். முதலில் மிச்சமிருந்த பழைய தண்ணீரை எடுத்தார். வாளியில் கொஞ்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. சொட்டு மருந்து விட்டதும் பச்சையாக மாறியது.

"அண்ணாச்சி, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கு. இதுக்கு ஒண்ணுமே இருக்கக் கூடாது. தொட்டி எப்ப வச்சாங்க?"

"பிறந்தநாளுக்கு முந்தின நாள்."

"அதான்."

அவர் அடுத்துச் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. உங்களுக்கும் புரியும். பிராணியின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சுதான். வேறு நுண்ணுயிர்கள் அதையும் நைட்ரேட்டாக்கும். அளவோடு இருந்தால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நம் மண்ணுக்குள் நடக்கிற அதே வேலை. பச்சைச் சாணியையோ கோழி எருவையோ மக்க வைக்காமல் கன்றுக்கு வைத்தால் கருகிப் போகுமே, ஏன்? புதுத் தொட்டி என்பது நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லாத செத்த மண். அதில் நாற்று நட்ட கதைதான் பஞ்சுவின் கதை. அந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கண்ணாடியிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பிராணியை விட வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால், காரத்தன்மையும் கூடியிருந்தால், அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாக வேலை செய்யும். எங்கள் தூத்துக்குடியில் இரண்டுக்கும் குறைவில்லை.

ஆக, நோய் பஞ்சுவுக்கு இல்லை, தண்ணீருக்குத்தான். பஞ்சுவை அந்தத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதே முதல் வைத்தியம் என்றார் தம்பி.

மீன்பிடித் துறைமுகத்தில் மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். புதுப் பெட்டி ஒன்று வாங்கி, 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். குழாய்த் தண்ணீரைத் தனி வாளிகளில் பிடித்து, காற்றுக்குழாய் போட்டு 24 மணி நேரம் குமிழ விட்டால் குளோரின் போய்விடுகிறது. முதல் நாள் மட்டும் அவசரத்துக்கு, குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் கரைசலைத் தம்பி கொடுத்தார். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினோம். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், அதில் மட்டும் அசட்டை கூடாது. இதற்குப் பிடித்த சூடு 16 முதல் 18 டிகிரி. 24-க்கு மேல் போனால் ஆபத்து. பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒன்று மிதக்க விட்டோம். மின்விசிறி வைத்தால் தண்ணீர் குளிரும் என்பார்கள். கடல்காற்றில் ஈரம் அதிகம், ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்கவில்லை.

சிலர் இதை டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று மருமகன் எங்கோ படித்துவிட்டு வந்தான். என் வீட்டுக்காரி "மாவுச் சட்டி பக்கத்துலயா? அது நடக்காது" என்று முடித்துவிட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மூன்றாம் நாள் செவுள் நுனியில் வெள்ளையாக, பஞ்சு பிரித்தது போல ஒன்று தெரிந்தது. பேரன் வைத்த பேருக்கு இப்படி ஒரு அர்த்தம் வரும் என்று யார் கண்டது! சாப்ரோலெக்னியா என்கிற நீர்ப்பூஞ்சை. நல்ல உடம்பில் ஏறாது, நொந்த உடம்பில் ஏறும். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டோம். மீனுக்கான மருந்துகள் பலவும் இதன் தோலுக்குத் தாங்காது, உப்புக் குளியல் கொடுங்கள் என்றார். உப்புக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? ஆனால் கடை உப்பில் அயோடின் கலந்திருக்கும், அது வேண்டாம். உப்பளத்திலிருந்து நேராக வந்த கல்லுப்பு. லிட்டருக்கு 2 தேக்கரண்டி, பத்து நிமிடம், நாளைக்கு ஒருமுறை, மூன்று நாள். அதற்கு மேல் போனால் செவுளே வெந்துவிடும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பேரன் பக்கத்தில் நின்றான். பெட்டித் தண்ணீரில் தெருமுனை வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டோம். மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பழைய வழி. இலையின் துவர்ப்பு பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும்.

இத்தனையும் ஒரு நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், வெப்பம், அம்மோனியா, செவுள், தீனி. லெட்ஜர் எழுதின கை சும்மா இருக்குமா? ஐந்தாம் நாள் எழுதியது: "வெள்ளை குறைவு. வால் நேர். தீனி இல்லை." எட்டாம் நாளும் "தீனி இல்லை".

ஒன்பதாம் நாள் தோட்டத்திலிருந்து ஒரு டப்பாவில் மண்புழு கொண்டு போனேன். கடையில் கொடுத்த குச்சித் தீனியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் இருக்கும் இந்த வகைப் பிராணிக்கு மண்புழுவைவிடச் சிறந்த தீனி கிடையாதாம். என்னிடம் இரண்டு ரகம் உண்டு. முதலில் சிவப்புப் புழுவைக் கொடுத்தோம். ஐசீனியா ஃபெட்டிடா. வாயில் போட்டுவிட்டுத் துப்பியது. அந்தப் புழுவைத் தொந்தரவு செய்தால் மஞ்சளாக ஒரு கசப்பு நீரை விடும். நீங்களும் கையில் பட்டு மோந்திருப்பீர்கள். அடுத்து ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ். சின்னதாக நறுக்கி, கழுவி, இடுக்கியில் பிடித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு 'லபக்' என்று ஒரு சத்தம். பேரன் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்துவிட்டார்கள்.

நோட்டில் அன்றைக்கு அவன் கையாலேயே எழுதினான்: "சாப்டுச்சு".

புழு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. என் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவர் வாழைக்குக் குருணை மருந்து போடுகிறவர். அந்த வரப்புப் பக்கத்துப் புழுவை நான் எடுப்பதில்லை. புழு உயிரோடு இருக்கும், ஆனால் அதன் உடம்பில் இருப்பது பஞ்சுவுக்குப் போய்ச் சேரும். கோழிக்கும் அதே கணக்குதான்.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் எது என்று தேடியபோதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். மெக்சிகோ நகரத்தின் தென்கோடியில் சோச்சிமில்கோ என்ற நீர்நிலை. கொடைக்கானலைவிட உயரமான இடம், அதனால்தான் குளிர் கேட்கிறது. அங்கே ஏரியின் சேற்றை அள்ளி, நீள நீளமாகத் திட்டுகள் மேடாக்கி, ஓரத்தில் மரம் நட்டு, சுற்றிலும் கால்வாய் விட்டு வேளாண்மை செய்தார்கள். பல நூறு வருடப் பழக்கம். அந்தத் திட்டுக்கு 'சினாம்பா' என்று பேர். கால்வாய்ச் சேறுதான் எரு. வருடத்தில் பல போகம். அந்தக் கால்வாய்களில்தான் ஆக்ஸலாட்டில் வாழ்ந்தது. அதாவது இது காட்டு விலங்கு என்பதைவிட உழவர் வயல் ஓரத்து விலங்கு, நம் வயல் நண்டு, நத்தை மாதிரி.

1970-களில் உணவுக்காக என்று கெண்டையையும் சிலேபியையும் அந்தக் கால்வாய்களில் விட்டார்கள். அவை முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. நகரத்துக் கழிவும் வேதி உரமும் பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டன. பலர் சினாம்பாவை விட்டுவிட்டுக் கால்பந்துத் திடலாக மாற்றி வாடகைக்கு விட்டார்கள். 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்ட ஆக்ஸலாட்டில், 2014 வாக்கில் 36-க்கு வந்துவிட்டது. உலகம் முழுக்க ஆய்வகங்களிலும் வீடுகளிலும் எண்ணற்றவை இருக்கின்றன. 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரீசுக்குக் கொண்டுபோன 34 உயிர்களில் தொடங்கிய வம்சம் அது. விதை வங்கியில் கண்ணாடிக் குடுவை நிறைய நாட்டு ரகம் இருக்கிறது, வயலில் ஒரு கதிர் இல்லை என்பது நமக்குத் தெரியாத கதையா?

மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சம்பிரானோவும் அவரது குழுவும் இதற்கு எடுத்த வழி எனக்குப் பிடித்தது. உழவர்களிடம் போனார்கள். கால்வாய் வாயில் கல்லும் நீர்ச்செடியும் கொண்ட வடிகட்டி வைத்து, மீன் நுழையாமல் அடைத்து, அந்தத் திட்டில் ரசாயனம் போடாமல் பயிர் செய்யச் சொன்னார்கள். விளைச்சலுக்குத் தனி முத்திரை கொடுத்து விற்க வழி செய்தார்கள். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்ஸலாட்டில்களை வெளியே விட்டுக் கண்காணித்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளியானது. கண்காணித்த நாள் வரை அவை பிழைத்திருந்தன, மறுபடி பிடித்தவை எடையும் கூடியிருந்தன.

சிலேபி இந்தியாவுக்கு 1952-இல் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, குளமெல்லாம் உடைந்து, ஆறும் வயலும் ஒன்றானபோது என் வாழைக்குள் மூட்டை அளவுக்குச் சிலேபி கிடந்தது. நாட்டு மீன் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதனால், வளர்க்க முடியவில்லை, வெயிலுக்குத் தாங்கவில்லை என்று யாரும் இதைக் கோரம்பள்ளம் குளத்திலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது சூட்டில் சாகும். அதற்குள் தன் நோயை நம் தவளைக்குக் கொடுத்துவிட்டும் போகலாம்.

இன்னொன்று, சட்டம். 2022-இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இது இருக்கிறது. 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரர் ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கவில்லை, சொல்லவும் இல்லை. காதில் வில்லை இல்லாத மாட்டுக்குக் கடன் கொடுக்காத நானே இருபத்தெட்டாம் நாள்தான் உட்கார்ந்து பதிந்தேன்.

இதை வாங்கியிருக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். மருமகனிடமும் சொல்லிவிட்டேன். வந்த உயிரை என்ன செய்வது? தம்பி தன் பழைய மீன் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தார். பாலுக்கு உறை ஊற்றுவது போல அதைப் பெரிய தொட்டியில் போட்டு வைத்தோம். அம்மோனியா ஏறி இறங்கியது, நைட்ரைட் ஏறி இறங்கியது. ஐந்தாம் வாரம் இரண்டும் பூஜ்யம். பழைய குளிரூட்டி ஒன்றை மருமகன் வாங்கிப் பொருத்தினான். கரண்ட் பில் அவன் பாடு. அடியில் கூழாங்கல் வேண்டாம், விழுங்கிவிடும் என்று எடுத்துவிட்டோம். வாரம் ஒருமுறை மாற்றுகிற தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகிறது. அது பிடித்த பச்சையைப் பார்க்க வேண்டும்.

இப்போது கத்திரி வெயில். மின்தடை வந்தால் ஐஸ் பாட்டில்தான். தெர்மாகோல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள் மகள். செவுளின் இழைகள் மறுபடி முளைக்கின்றன, இடது பக்கம் நடுச்செவுள் மட்டும் இன்னும் குட்டைதான். சனிக்கிழமை தோறும் பேரன் தோட்டத்துக்கு வருகிறான். புழுத் தொட்டியின் சாக்கை விலக்கி, அவனே தேர்ந்து எடுக்கிறான். போன வாரம் நாற்பது புழு எண்ணி டப்பாவில் போட்டுவிட்டு, பதினைந்தைத் திரும்ப உள்ளே விட்டான்.

"ஏன்யா?"

"இது குட்டி போடட்டும் தாத்தா. அடுத்த வாரத்துக்கு வேணும்லா."