அக்கி ஆறிய பிறகு

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கிளம்பி எரிந்தால், பார்த்த மாத்திரத்தில் ‘அக்கி’ என்று சொல்லிவிடுவார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வதும் உண்டு. சில வாரத்தில் பக்கு உதிரும். எழுதாவிட்டாலும் உதிரும், அது வேறு கதை. வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த மூன்று நாளைக் காவி தின்றுவிடுகிறது என்பதே என் வருத்தம்.

புண் ஆறியதும் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். அரிதாகச் சிலருக்குப் பக்கவாதம் வருவதோ அதற்குப் பிறகுதான்.

சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடலை விட்டுப் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாக எழுகிறது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல்லாண்டு கவனித்து 1965-ல் இதை எழுதினார்.

முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சிலிருந்து ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிறது. அதே முடிச்சிலிருந்து மெல்லிய இழைகள் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் போகின்றன. வைரஸ் அந்தப் பக்கம் இறங்கினால் குழாய்ச் சுவர் அழன்று தடித்து உள்வழி குறுகும். ரத்தம் உறைந்து அடைக்கும். எப்போதாவது குழாயே வெடிக்கும்.

பிரிட்டனில் அக்கியும் பக்கவாதமும் வந்த 6,584 பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. அக்கி வந்த முதல் நான்கு வாரத்தில் பக்கவாத வாய்ப்பு வழக்கத்தைவிட 63 சதவீதம் அதிகம். ஆறு மாதத்தில் மெல்லத் தணிந்தது. கண்ணை ஒட்டிய அக்கி என்றால் ஐந்தாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மூன்று மடங்குக்கும் மேல். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இந்த ஏற்றம் குறைவு. பயந்து நடுங்க வேண்டியதில்லை. சிறிய எண் மூன்று மடங்கானாலும் சிறிய எண்தான்.

சிக்கல் இந்த இடைவெளியில்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு கை தொய்ந்து, வாய் கோணி வருபவரின் வீட்டார் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்வார்கள். அக்கியைச் சொல்ல மாட்டார்கள். சிலருக்குத் தோலில் கொப்புளமே எழாமலும் இது நடக்கும். அப்போது முதுகுத்தண்டில் நீர் எடுத்து, வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்துவிட்டால், வைரஸை அடக்கும் அதே வகை மருந்தை சிரை வழியே ஏற்றுவார்கள்.