இன்ஸுலினும் சாப்பாட்டு வேளையும்

நமது பொதுக்கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை. குறித்த நேரத்தில் முடிவதுமில்லை. இதை ஒழுங்கீனமென்று கண்டிப்பவர்கள் உண்டு. தேச வழக்கமென்று சிரித்து விடுபவர்களும் உண்டு. இவ்வழக்கம் சிலருடைய உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதைச் சிந்திப்பவர்கள் மட்டும் மிகச் சிலரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-ஆம் வருஷத்தில் வெளியாயின. அவற்றின்படி இந்தியாவில் நீரிழிவு கண்டவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அவர்களுள் ஒரு பகுதியார் தினந்தோறும் சாப்பாட்டுக்கு முன் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்ளுகிறவர்கள். நமது காரியக் கமிட்டிகளிலும், மகாநாட்டுப் பந்தல்களிலும், தொண்டர் படைகளிலும் இத்தகையோர் இல்லாமல் இரார். அவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவே.

ஒரு பிரசங்கியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூட்டம் ஏழு மணிக்கு முடியும், எட்டு மணிக்குச் சாப்பாடு என்று காரியதரிசி உறுதி கூறுகிறார். அதை நம்பி அவர் ஏழரை மணிக்கு மேடைக்குப் பின்னால் ஊசியைப் போட்டுக்கொள்ளுகிறார். அக்ராசனர் முன்னுரை பேசுகிறார். உபசாரப் பத்திரம் வாசிக்கப்படுகிறது. மாலைகள் வருகின்றன, அவை தீர்ந்தபின் சால்வைகள் வருகின்றன. வந்தனோபசாரம் சொல்ல எழுந்தவர் தாமும் ஒரு பிரசங்கம் செய்கிறார். மணி ஒன்பதரை ஆகிறது. ஊசியோ யாருக்கும் காத்திராமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சாப்பாட்டு வேளை இன்ஸுலின் என்பது உண்ணப்போகும் உணவுக்கென அளந்து போடப்படுவது. சோறும் இட்டிலியும் ஜீரணமாகிச் சர்க்கரையாய் ரத்தத்தில் ஏறுகையில், கணையம் செய்யவேண்டிய வேலையை இம்மருந்து செய்கிறது. இதில் இரு வகை உண்டு. பழைய வகையாகிய சாதாரண இன்ஸுலின், ஊசி போட்டு அரைமணிக்குப்பின் வேலை தொடங்கி, இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, ஐந்து முதல் எட்டு மணி வரையில் நீடிக்கும். ஆதலால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக அதைப் போடவேண்டும். 1996-ஆம் வருஷம் முதல் வழக்கத்துக்கு வந்த விரைவு வகைகளாகிய லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், க்ளுலிஸின் முதலியன பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தொடங்கி, ஒன்று இரண்டு மணியில் உச்சத்தை அடைந்து, மூன்று முதல் ஐந்து மணிக்குள் அடங்கும். தம்மிடமுள்ளது எவ்வகை என்பதை அறியாமலே ஊசி போட்டுக்கொள்ளுகிறவர் பலர்.

ரத்தத்தில் சர்க்கரை டெஸிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குமானால் அதைத் தாழ்சர்க்கரை என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 54-க்குக் கீழே போனால் ஆபத்து நெருங்கிவிட்டதென்று அர்த்தம். சாப்பாட்டு வேளை இன்ஸுலினால் உண்டாகும் கெடுதிகளில் முதன்மையானதும், அதிகமாய் நேர்வதும், சில நிமிஷங்களில் ஆளை வீழ்த்தக்கூடியதும் இதுவே. கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், மார்பு படபடக்கும், தாங்கமுடியாத பசி எழும். மூளைக்குச் சர்க்கரை குறையக் குறையப் பேச்சு குழறும், கண் மங்கும், காரணமில்லாத கோபம் வரும், நடை தள்ளாடும், அதற்கும் மேலே போனால் வலிப்பும் பிரக்ஞை இழப்பும் உண்டாகும்.

இதற்கு வேண்டிய முதல் மருந்து சமையற்கட்டிலேயே இருக்கிறது. மூன்று அல்லது நான்கு டீஸ்பூன் க்ளூகோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கவேண்டும். ஏறக்குறைய 15 கிராம் போதும். பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதித்துப் பார்க்கவேண்டும். இன்னும் 70-க்கு மேல் ஏறவில்லையானால் அதே அளவை மறுபடியும் கொடுக்கவேண்டும். ஏறியபின் சாப்பாட்டை உண்ணவேண்டும். அல்லது சிற்றுண்டியாவது கொள்ளவேண்டும். சோதிக்கும் கருவி கையில் இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டிராமல் முதலில் சர்க்கரையைக் கொடுப்பதே சரி. பானகமும் உதவும். ஜிலேபியும் மைசூர்ப்பாகும் உதவா. நெய்யும் எண்ணெயும் சர்க்கரை இறங்குவதைத் தாமதப்படுத்தும். நீர்மோர் கொடுத்து உட்கார வைப்பதால் யாதொரு பயனும் இல்லை. அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சாதாரணச் சர்க்கரை விரைவில் வேலை செய்யாது; க்ளூகோஸே வேண்டும்.

இங்கே ஒரு விபரீதத்தைச் சொல்லவேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் மயங்குகிறார் என்றவுடன், சுற்றி நிற்பவர்கள் அன்பின் மிகுதியால், “ஐயோ, அவருக்கு இனிப்பு ஆகாது, சர்க்கரையில்லாத காப்பி கொண்டு வாருங்கள்” என்று கூவுகிறார்கள். வருஷக்கணக்காக இனிப்பை விலக்கிப் பழகிய நோயாளியும் அதற்கு உடன்பட்டுத் தலையசைக்கிறார். அந்தச் சமயத்தில் சர்க்கரையை மறுப்பது பத்தியமல்ல, தற்கொலைக்குச் சமானம்.

பிரக்ஞை தப்பியவருடைய வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும். அவரை ஒருபக்கமாய்ச் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கே ரத்தக் குழாய்வழியாய் க்ளூகோஸ் ஏற்றுவார்கள். க்ளூகாகான் என்னும் ஊசி மருந்து வீட்டிலிருந்து, அதைப் போடத் தெரிந்தவரும் இருந்தால், வண்டி வருவதற்குள் அதைப் போடலாம்.

நிற்க. தாழ்சர்க்கரை கண்டவர் தெருவில் தள்ளாடினால் பார்ப்பவர் என்ன நினைப்பர்? குடித்திருக்கிறார் என்றே நினைப்பர். போலீஸாரும் அப்படியே நினைத்தால், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் லாக்கப்பில் கிடப்பார். நாம் சட்டம் படித்தவராதலால், இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டார் 1973-இல் தீர்மானித்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிடுவது தகும். மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆண் நர்ஸ் ஒருவர் ஒரு நோயாளியைத் தாக்கினார் என்பது குற்றம். அன்று அவர் இன்ஸுலின் போட்டுக்கொண்டு, மதுவும் அருந்தி, உணவைச் சரிவரக் கொள்ளாமலிருந்தார். அந்நிலையில் நேர்ந்த அறிவு மயக்கத்தைப் பைத்தியமென்று கொள்ளலாகாது, அது புறத்திலிருந்து வந்த மருந்தின் விளைவு, அந்த எதிர்வாதத்தை ஜூரிகள் முன் வைத்திருக்கவேண்டும் என்று கூறிக் கோர்ட்டார் குற்றத் தீர்ப்பை ரத்து செய்தனர். ஆனால் அதே தீர்ப்பில், இன்ஸுலின் போட்டுக்கொண்டு ஒழுங்காய்ச் சாப்பிடாமல் தானே வருவித்துக்கொண்ட மயக்கம், முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடியதாயின், மன்னிப்புக்குக் காரணமாகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு வேளையைத் தவறவிடுவது சட்டத்தின் கண்ணுக்கும் புலப்பட்ட தவறு என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

வருமுன் காப்பது எவ்வாறு? விரைவு வகை போட்டுக்கொள்ளுகிறவர், இலையில் சோறு விழுவதைக் கண்ணால் கண்டபின் ஊசியை எடுப்பது நல்லது. எவ்வளவு உண்ண முடியும் என்று நிச்சயமில்லாத முதியவர்களுக்கு, உண்டு முடித்தவுடன் போட்டுக்கொள்ளும்படி வைத்தியர் சொல்லுவதும் உண்டு. பழைய வகையாயின், சமையற்காரரின் வாக்கை நம்பாமல், சோறு அடுப்பிலிருந்து இறங்கிய சேதி வந்தபின் போடவேண்டும். ஊசி ஏறிவிட்டது, இலை வரவில்லை என்றால் மரியாதைக்காகக் காத்திருக்கவேண்டாம். கையிலுள்ள வாழைப்பழத்தையோ இரண்டு இட்டிலியையோ மேடைமேலேயே உண்ணலாம். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும்.

ஊர்வலத்திலும் பாதயாத்திரையிலும் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு அன்றைக்கே மட்டுமன்றி அன்றிரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும். வெறும் வயிற்றில் மது இன்னும் கொடியது. ஈரல் தன்னிடமிருந்து புதுச் சர்க்கரையை உண்டாக்கி உதவுவதை அது தடுத்துவிடுகிறது. சாப்பிட்டு இரண்டு மணியில் சர்க்கரை உயர்ந்திருக்கக் கண்டு, முதல் ஊசி அடங்குமுன் இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொள்ளும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள்; இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது அவர்கள் படும் பாடு சொல்லத்தரமன்று. ஆகாரம் மாறாமலே அடிக்கடி சர்க்கரை இறங்கத் தொடங்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்கவேண்டும். அது கெட்டால் இன்ஸுலின் சரீரத்தில் அதிக நேரம் தங்கும். ரத்தக் கொதிப்புக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றே சாட்சியாய் நிற்கும். பலமுறை தாழ்சர்க்கரை கண்டவர்களுக்கோ எந்த எச்சரிக்கையுமே இல்லாமல் மயக்கம் வருவதுண்டு. அவர்கள் வைத்தியரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ளும் வரையில் வண்டி ஓட்டக்கூடாது.

இந்தியாவில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. இங்கே புட்டியில் விற்கும் இன்ஸுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உண்டு. பேனாவில் போடும் குப்பியில் 100 யூனிட் உண்டு. 40-க்குரிய ஸிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. அவசரத்தில் 100 யூனிட் மருந்தை 40-க்குரிய ஸிரிஞ்சில் இழுத்தால், பத்து யூனிட் என்று கோடு காட்டும் இடத்தில் இருபத்தைந்து யூனிட் ஏறிவிடும். மருந்துக் கடையில் இதைக் கேட்டு வாங்குவது வாங்குவோர் கடமை. கேளாமலே சொல்லுவது விற்போர் கடமை. ஒரே தேசத்தில் இரண்டு அளவுகளை எத்தனை காலம் வைத்துக்கொண்டிருப்பது என்று சர்க்காரைக் கேட்பது நம் எல்லோருடைய கடமை.

மற்றக் கெடுதிகள் சிறியவை. ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்தால் தோலுக்கடியில் கட்டி உண்டாகும். அதில் போட்ட மருந்து ஒருநாள் ஊறும், ஒருநாள் ஊறாது. தினமும் ஒரு விரலகலம் தள்ளிப் போடுவதும், ஊசியைப் புதிதாய் மாற்றுவதுமே அதற்குப் பரிகாரம். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறுகையில் அதே அளவு அதிகப்பட்டுப் போகலாமாதலால் வைத்தியரைக் கேட்டுக் குறைக்கவேண்டும். உடல் பருக்கிறதென்று பலர் குறைகூறுகிறார்கள். முன்பு சிறுநீரில் வீணான சர்க்கரை இப்போது சரீரத்தில் ஒட்டுகிறது. மயக்கத்துக்கு அஞ்சி அடிக்கடி தின்பதும் அதோடு சேருகிறது. ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் தாமே அடங்கும். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் மட்டும் அரை நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, “இத்தனை தொல்லை எதற்கு? ஊசியையே விட்டுவிடுகிறேன்” என்று சொல்லுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். ஒருமுறை மயங்கி விழுந்தவர் அடுத்த வாரமே ஊசியைத் தூக்கியெறிந்து, கஷாயமும் சூர்ணமும் விற்பவரைத் தேடிப் போவது நாடெங்கும் நடக்கிறது. பயத்தினால் மருந்தை விட்டவருக்குச் சர்க்கரை மெள்ள மெள்ளக் கண்ணையும், காலையும், சிறுநீரகத்தையும் தின்னும்; சிறுவயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவுக்காரராயின் சில நாளிலேயே உயிருக்கு மோசம் வரும். கனடா தேசத்து டொரொண்டோ நகரில் 1922-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி, பதினான்கு வயதுச் சிறுவனாகிய லியோனார்டு தாம்ஸனுக்கு முதன்முதல் இம்மருந்து போடப்பட்டபோது, சர்க்கரை சொற்பமே குறைந்தது. ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டியும் வந்தது. பாண்டிங்கும் பெஸ்டும் அவர்களுடைய சகாக்களும் அதோடு கைவிடவில்லை. காலிப் என்னும் ரஸாயன நிபுணர் மருந்தைச் சுத்தம் செய்தார். பன்னிரண்டு நாள் கழித்து ஜனவரி 23-ஆம் தேதி மறுபடியும் போட்டார்கள். சிறுவன் பிழைத்து மேலும் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரொண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உண்ணாவிரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டு வேளை ஊசி சாப்பாட்டுக்கே உரியது. சாப்பாடு இல்லையேல் அவ்வூசியும் பொதுவாய் இல்லை. ஆனால் நாள் முழுதும் வேலை செய்யும் நெடுநேர இன்ஸுலினைத் தாமாக நிறுத்துவது வேறு விபத்தை வருவிக்கும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களை உண்ணாவிரதப் பந்தலில் உட்கார வைக்கும் கமிட்டியை நாம் கொடிய கமிட்டி என்றே சொல்லுவோம். மற்றவர்களும் முந்தின வாரமே வைத்தியரைக் கண்டு பேசியிருக்கவேண்டும்.

கமிட்டிகளுக்கு நாம் கூறுவது இது. வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியிடம், ரயில் எப்போது என்று கேட்பது போலவே சாப்பாடு எப்போது என்றும் கேளுங்கள். அந்நேரத்தை நோட்டீஸில் போட்ட நேரத்தைவிடப் பெரிதாக மதியுங்கள். மேடையில் தண்ணீர்க் கூஜாவுக்கு அருகில் ஒரு க்ளூகோஸ் பொட்டலம் இருக்கட்டும். தொண்டர்களில் இருவருக்காவது மேலே சொன்ன அடையாளங்கள் தெரிந்திருக்கட்டும். சர்க்காருக்கு நாம் கூறுவது இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஸுலின் புட்டியை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி வேலையே முடிந்தது. சர்க்கரை பார்க்கும் கருவியும், அதற்குரிய சோதனைப் பட்டைகளும், சரியான ஸிரிஞ்சும், மின்சாரப் பெட்டியில்லாத குடிசையில் மருந்தை மண்பானையில் குளிர்ச்சியாய் வைக்கும் முறையும், தாழ்சர்க்கரையை அறியும் விதத்தை நோயாளியின் வீட்டாருக்கும் உட்கார வைத்துச் சொல்லும் பத்து நிமிஷமும் அந்தப் புட்டியோடு சேர்ந்தே போகவேண்டும்.