நாற்பது பேர் கேட்ட இசை

கேள்விச் செல்வத்தின் பெருமையை உரைக்கத் திருவள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தார். கேட்பவன் அறிவு பெறுகிறான். தளர்ந்த வேளையில் ஊன்றிக்கொள்ள ஒரு துணையும் பெறுகிறான். இவற்றோடு இன்னொரு பயனும் உண்டு. கேட்டவன் மறுநாளே செய்பவனாக எழுந்துவிடுவதும் சில வேளைகளில் நிகழ்கிறது. இதற்கு இசையுலகம் தந்த சான்றுகளுள் ஒன்று, இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிலே 1976ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு நடந்த ஒரு சிறு கச்சேரி.

அது நடந்த இடமே வரலாறு படைத்தது. 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டி அங்கே திரண்டிருந்த ஏறத்தாழ 60,000 மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பீற்றர்லூப் படுகொலை என்று வரலாறு அதனைக் குறிக்கும். தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டதன் நினைவாக, அந்நிலத்திலே 1850களில் சுதந்திர வணிக மண்டபம் எழுந்தது. 1857இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அங்கு நாடகம் நடித்தார். புகழ்பெற்ற ஹாலே வாத்தியக் குழு நெடுங்காலம் அங்கு வாசித்தது. 1966 மே மாதத்தில், பொப் டிலன் மின்கிற்றார் ஏந்தியதைப் பொறுக்காத ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்று கூவியதும் அங்கேதான். இந்தப் பெருமண்டபத்தைச் சார்ந்து ஒரு சிற்றரங்கும் இருந்தது. நாம் சொல்லவந்த கதை அச்சிற்றரங்கினுடையது.

மன்செஸ்டருக்கு அண்மையிலுள்ள பொல்ரன் தொழினுட்பக் கல்லூரியில் ஹவார்ட் டெவோட்டோ, பீற் ஷெல்லி என்னும் இரு மாணவர்கள் பயின்றனர். இவை பின்னர் அவர்கள் சூடிக்கொண்ட பெயர்கள். 1976 பெப்ரவரியில் இசை வார இதழொன்றில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற இளைஞர் குழுவைப் பற்றிய குறிப்பைப் படித்ததும் இருவரும் இரவல் வாங்கிய காரில் தெற்கே விரைந்து அக்குழுவின் இசையைக் கேட்டனர். கேட்டதோடு அமையவில்லை, தம் நகருக்கு வருமாறு அழைத்து, சிற்றரங்கை அமர்த்தி, அனுமதிச் சீட்டை 50 பென்ஸ் என விலையிட்டனர். அவ்விரவில் தாமும் ஒரு குழுவாக மேடையேற எண்ணியிருந்தனர். தோழர்கள் ஆயத்தமாகாமையால் அது கைகூடவில்லை. ஷெல்லி வாயிலிலே சீட்டு விற்றார். குழுவின் நிருவாகி மல்கம் மக்லாரன் தெருவிலே நின்று, போவோர் வருவோரை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் ஏறத்தாழ நாற்பது பேர் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்நாளைய றொக் இசையின் நிலையை அறிந்தாலன்றி அவ்விரவின் வியப்பு விளங்காது. பெருங்குழுக்கள் விளையாட்டரங்குகளிலே பாடின. பாட்டுகள் நீண்டன, கருவிகள் விலையேறின, ஒளி வித்தைகள் பெருகின. கேட்பவனுக்கும் வாசிப்பவனுக்கும் இடையே கடக்கவொண்ணாத தூரம் விழுந்திருந்தது. இசைத்தட்டு வெளியிட விழைபவன் இலண்டனிலுள்ள பெரிய நிறுவனங்களின் வாயிலிலே காத்துக் கிடக்கவேண்டியிருந்தது. இங்கோ இருபது வயதை ஒட்டிய நால்வர், கைக்கெட்டும் தொலைவில் நின்று, சில நிமிடங்களில் முடியும் பாட்டுகளைப் பேரொலியோடு வீசினர். நயமும் நுணுக்கமும் தேடிச் சென்றவர் ஏமாந்திருப்பர். ஆயினும், ‘இவர்களால் இயலுமாயின் நம்மாலும் இயலும்’ என்ற எண்ணம் அங்கே அமர்ந்திருந்தோர் சிலருடைய நெஞ்சில் மூண்டது.

சல்போட் நகரப் பள்ளித் தோழர்களான பீற்றர் ஹுக், பேர்னாட் சம்னர் இருவரும் அவர்களுள் அடங்குவர். ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிற்றார் வாங்கினார். அதனை வாசிக்க அவர் அதுவரை கற்றதில்லை. பதினேழு வயது நிரம்பிய மொறிசி என்ற இளைஞர் அந்நிகழ்ச்சியைப் பற்றி இசை இதழுக்குக் கடிதம் எழுதினார். யூலை 20ஆம் திகதி அதே குழு அதே அரங்கிற்கு மீண்டும் வந்தபோது கூட்டம் பெருகியிருந்தது. டெவோட்டோவும் ஷெல்லியும் ‘பஸ்கொக்ஸ்’ என்ற தம் குழுவோடு அம்முறை மேடையேறினர். அன்று கேட்டவர்களுள் இயன் கேட்டிஸ் ஒருவர். இவரும் ஹுக்கும் சம்னரும் பின்னர் இணைந்தமைத்த குழுவே ‘ஜோய் டிவிஷன்’. மொறிசி 1982இல் ‘த ஸ்மித்ஸ்’ குழுவில் பாடகரானார்.

அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் திகதி பஸ்கொக்ஸ் குழுவினர் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்தனர். உற்றாரிடமும் நண்பரிடமும் கடன்பெற்ற 500 பவுணே முதல். நிறுவனம் எதனையும் நாடாது, ‘நியூ ஹோர்மோன்ஸ்’ என்னும் சொந்தப் பெயரிலே 1977 சனவரியில் 1,000 தட்டுகள் வெளியிட்டனர். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியிற் பதிவானது என்பதை உறையின் பின்புறத்தில் அச்சிட்டமை குறிப்பிடத்தக்கது. தொழிலின் மறைபொருளை எல்லோரும் காணத் திறந்துவைத்த செயல் அது. ஆயிரம் தட்டுகளும் விரைவில் தீர்ந்தன; பின்னர் விற்பனை 16,000ஐ எட்டியது. அதனைத் தயாரித்த மாட்டின் ஹன்னெற், ஜோய் டிவிஷனின் முதற் பெருந்தட்டையும் 1979இல் ‘பக்டரி’ என்ற மன்செஸ்டர் நிறுவனத்துக்காகத் தயாரித்தார். இத்தகைய சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் 1980 சனவரியிலே தொடங்கியது. ‘சுயாதீனம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே ‘இண்டி’. பிற்காலத்தில் ஓர் இசைநடையின் பெயராகிவிட்ட இச்சொல், தொடக்கத்தில் பொருளாதார நிலையொன்றையே குறித்தது.

இவற்றையெல்லாம் ஓரிரவின் விளைவென்று முடித்துவிடுதல் மிகை. அன்று தாமும் இருந்ததாகச் சொல்வோர் தொகை ஆண்டுதோறும் வளர்ந்தது. உண்மையில் இருந்தவர் யாவர் என்பதை ஆராய்ந்து டேவிட் நோலன் ஒரு நூலே எழுதினார். துணிவும் எல்லோரையும் காத்துவிடவில்லை. வலிப்பு நோயாலும் மனத்துயராலும் நொந்த இயன் கேட்டிஸ், 1980 மே 18ஆம் திகதி, அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில், 23 வயதில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். மேடைக்குச் செல்லும் வழியை நண்பர்கள் தாமே கண்டறிந்தனர். அம்மேடையிலே ஒருவர் அழிந்துகொண்டிருந்ததை அவர்கள் உரிய காலத்தில் உணரவில்லை. சுயாதீன இசையின் வரலாறு எழுதுவோர் அதன் வெற்றிகளோடு இதனையும் சேர்த்தெழுதல் வேண்டும்.

ஹாலே வாத்தியக் குழு 1996இல் மண்டபத்தை விட்டகன்றது. பழைய முகப்பு மட்டும் நிற்க, அவ்விடம் ஹோட்டலாகிவிட்டது. வாடகையும் செலவும் ஏற, பிரித்தானியாவின் சிறிய இசையரங்குகள் பல மூடப்பட்டன. எஞ்சியவற்றைக் காக்க 2014இல் ஓர் அறக்கட்டளையை நிறுவவேண்டியதாயிற்று. பேரரங்குகளுக்குக் காவலர் பலர் உளர். நாற்பது பேருக்காக விளக்கேற்றும் அரங்குக்கு, வருவாயைக் கணக்கிடுவோர் நியாயம் காணமாட்டார். அத்தகைய அரங்கிலேதான் கேட்பவன் மேடையை எட்டும் தொலைவிற் காண்கிறான். தானும் ஏறலாமென எண்ணத் துணிகிறான். கூட்டம் சிறுத்ததென்று வருந்தும் அமைப்பாளர் எவரும், வந்து அமர்ந்திருப்போருள் நாளை ஒரு கருவி வாங்கப்போகிறவன் யாரென்று அறியார். விளக்கை அணைக்குமுன் அவர் இதனைச் சிந்திப்பாராக.