பதவி இருக்கும் வரை வீடு

நிழல் தரும் சாலை, நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம், மாலையில் உலாவ ஏரி. திட்டமிட்டுக் கட்டிய தலைநகரான சண்டிகரில் வாழ்க்கை சுகமானதுதான். அந்தச் சுகம் யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்பதுதான் கேள்வி.

சண்டிகரில் புதிதாக அறிமுகமாகும் இருவர், பெயரைச் சொன்ன கையோடு கேட்டுக்கொள்வது "எந்த செக்டர்?" என்பதைத்தான். பதிலாக வரும் எண் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஒற்றை இலக்கமாக இருந்தால் நீதிபதி, அமைச்சர், மூத்த அதிகாரி அல்லது பரம்பரைப் பணக்காரர். இருபதுகளில் இருந்தால் அரசு அலுவலகத்தில் நடுத்தர வேலை. நாற்பதை எட்டினால் ஹவுசிங் போர்டு அடுக்கு வீடாக இருக்கலாம். எண் எதுவும் சொல்லாமல் 'காலனி' என்று இழுத்தால், நகரத்தின் வரைபடத்தில் இடம் கிடைக்காதவர் என்று அர்த்தம். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆளைப் பற்றி விலாசமே இவ்வளவு பேசும் நகரங்கள் இந்தியாவில் குறைவு.

இந்த எண் கணக்கு 1950களில் போடப்பட்டது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாத மாநிலமாயிற்று. அரசு தற்காலிகமாக சிம்லாவிலிருந்து நடந்தது. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிய தலைநகருக்கு இடம் பார்த்தார்கள். அமெரிக்கத் திட்ட நிபுணர் ஆல்பர்ட் மேயரும் போலந்தில் பயின்ற கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கியும் முதல் வரைபடத்தைத் தயாரித்தனர். 1950-ல் விமான விபத்தில் நோவிட்ஸ்கி இறந்துபோனார். அதன் பிறகு பொறுப்பு லெ கார்புசியரிடம் வந்தது. 1953 அக்டோபர் 7-ம் தேதி ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார். பழமையின் தளைகள் இல்லாத புதிய இந்தியாவின் அடையாளமாக இது விளங்க வேண்டும் என்பது நேருவின் ஆசை.

வாசலுக்கு எதிரே பூங்கா

குடியிருப்பவர்களைப் பொறுத்தவரை அந்த ஆசை பெருமளவு நிறைவேறியிருக்கிறது. ஒவ்வொரு செக்டரும் சுமார் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். அதற்குள்ளேயே பள்ளி, மருந்தகம், கடைவீதி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீளும் பசும்புல் வெளி. வேகமாகப் போகும் வாகனங்கள் செக்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வீட்டு வாசல்கள் அந்தச் சாலையைப் பார்க்காமல் உட்பக்கமாகவே திறக்கும். நெடுஞ்சாலையில் தொடங்கி, பூங்காவுக்குள் நடந்து போகும் பாதைவரை சாலைகளை ஏழு ரகமாகப் பிரித்திருந்தார் கார்புசியர். பெரிய சாலையைத் தாண்டாமலே சின்னக் குழந்தை பள்ளிக்குப் போய்வரலாம் என்பது இதன் பலன். மற்ற நகரங்களில் பிள்ளையை ஆட்டோவில் திணித்து அனுப்பும் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

மரங்களும் தற்செயலாக முளைத்தவை அல்ல. எந்தச் சாலைக்கு எந்த மரம் என்பதில் எம்.எஸ். ரந்தாவா என்ற ஐ.சி.எஸ். அதிகாரி பெரும் அக்கறை காட்டினார். கோடையில் சில சாலைகள் முழுக்க சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். மழைக்காலத்தில் மட்டும் ஓடிய ஓடையை 1958-ல் அணை கட்டித் தடுத்ததில் பிறந்தது சுக்னா ஏரி. காலையும் மாலையும் அதன் கரையில் நடக்க வராத சண்டிகர்வாசி அநேகமாக இல்லை. ஓய்வு பெற்ற செயலாளரும் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தவரும் அங்கே ஒரே பாதையில் எதிரெதிரே வந்து வணக்கம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நகரத்துக்கென்று கார்புசியர் எழுதிவைத்த சாசனம் ஒன்றும் உண்டு. தனி மனிதர்களின் சிலை வைக்கக் கூடாது என்கிறது அது.

அலுப்பும் இருக்கிறது. ஒரு செக்டர் போலவே அடுத்ததும் இருப்பதால் புதிதாக வருபவர் வழி தவறுவது சகஜம். சைக்கிளையும் பஸ்ஸையும் மனதில் வைத்துப் போட்ட நகரத்தில் இப்போது காரின் ராஜ்யம். நாட்டிலேயே வீட்டுக்கு வீடு கார் அதிகம் உள்ள நகரங்களில் சண்டிகரும் ஒன்று. வீட்டு முன் புல்தரைக்கென்று விட்ட இடத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் மூன்றாவதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பல தெருக்களில் தகராறு ஆரம்பிக்கிறது.

பதின்மூன்று வகை வீடு

தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் ஆகிய பிரம்மாண்டங்களைக் கார்புசியர் கவனித்துக்கொண்டார். 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது இந்த வளாகம்தான். ஆனால் மக்கள் குடியிருக்கும் வீடுகளை அவர் வரையவில்லை. அந்த வேலை அவருடைய உறவினர் பியர் ஜன்னரேக்கும், மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்ற ஆங்கிலேயத் தம்பதிக்கும், அவர்களோடு உழைத்த இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் போயிற்று.

முதலமைச்சர் முதல் ப்யூன் வரை எல்லோருக்கும் அரசு வீடு. தொடக்கத்தில் மொத்தம் 13 வகை. எண் கூடக் கூட வீடு சுருங்கும். ஆனால் கடைசி வகையில்கூட இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, வெயில் காலத்தில் கட்டில் போட்டுப் படுக்க ஒரு முற்றம் இருந்தன. குழாயில் தண்ணீர், மின்சாரம். 1950களின் இந்தியாவில் கடைநிலை ஊழியருக்கு அரசு இப்படி ஒரு வீடு கட்டிக் கொடுத்தது சாதாரண விஷயமல்ல. பெரிய நகரங்களில் கிளார்க்குகளே ஒற்றை அறை ஒண்டுக்குடித்தனத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது.

அதே சமயம் சம்பளப் பட்டியல் செங்கல்லாக மாறி நிற்பதும் இங்கேதான். பதவி உயர்ந்தால் வீட்டு வகை மாறும். வகை மாறினால் தெரு மாறும், பக்கத்து வீட்டார் மாறுவார்கள், பிள்ளைகளின் சிநேகிதர்களும் மாறலாம். அண்டை வீட்டுக்காரர் அலுவலகத்திலும் ஏறக்குறைய தன் தகுதிக்காரரே என்பதால் மாலை நேரப் பேச்சு பெரும்பாலும் சீனியாரிட்டி பட்டியல், இடமாற்றம், பஞ்சப்படி என்று சுற்றிவரும்.

இந்த வீடுகளை வரைந்தவர்களில் நெடுங்காலம் இங்கேயே தங்கியவர் ஜன்னரே. 1965 வரை செக்டர் 5-ல் ஒரு அரசு வீட்டில் குடியிருந்தார். 1967-ல் ஜெனீவாவில் அவர் இறந்த பிறகு அஸ்தியைக் கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அவர் காலத்தில் அரசு அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட தேக்கு நாற்காலிகள் பின்னாளில் பழைய சாமான் விலைக்கு ஏலம் போயின. அவற்றை ஐரோப்பிய ஏல மையங்கள் லட்சக்கணக்கில் விற்றன. 2011-ல்தான் மத்திய அரசு விழித்துக்கொண்டு அவற்றை விற்கவோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ தடை போட்டது.

கடைசி நாள்

நாற்காலியைப் போலவே ஊழியருக்கும் ஒரு தேதி உண்டு. முன்பு 58 வயது. 2022 ஏப்ரலில் யூனியன் பிரதேச ஊழியர்களுக்கு மத்திய அரசின் பணி விதிகள் வந்த பிறகு 60. மாலை போட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிய பிறகு சில மாத அவகாசம். அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

நகரம் உருவான காலத்தில் குறைந்த விலையில் மனை வாங்கிப் போட்டவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்குப் பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்தாலும் அதே செக்டரில் ஒரு வீடு வாங்குவது பகல் கனவு. எனவே எல்லையைத் தாண்டுகிறார்கள். பஞ்சாப் பக்கம் மொஹாலி, கரர், ஜிராக்பூர். ஹரியானா பக்கம் பஞ்ச்குலா. முப்பது வருடம் நடந்து பழகிய ஏரிக்கரைக்கு இனி வாரம் ஒருமுறை காரில் வர வேண்டும்.

பெற்றோரைவிடப் பிள்ளைகளின் நிலைமை சிக்கலானது. செக்டர் 22-ல் பிறந்து, அங்கேயே படித்து, செக்டர் 17 கடைவீதியில் சுற்றி வளர்ந்த பெண்ணுக்கோ பையனுக்கோ சொந்த ஊர் சண்டிகர்தான். தாத்தாவின் ஊர் லாகூர் பக்கமோ லூதியானா பக்கமோ, பேச்சில் மட்டும் வரும். ஆனால் அப்பா ஓய்வு பெறும் தினத்தில் அவர்களுடைய ஊர் விலாசமும் காலாவதியாகிவிடுகிறது. அரசு வேலை கிடைக்காத பிள்ளைக்கு, வளர்ந்த நகரத்தில் திட்டப்படி எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை.

கணக்கில் வராதவர்கள்

ஊழியருக்காவது முப்பது வருடம் கிடைத்தது. நகரத்தைக் கட்டிய கைகளுக்கு அதுவும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் ரிக்‌ஷா ஓட்டுபவர்களும் எங்கே தங்குவார்கள் என்பதற்கு வரைபடத்தில் சரியான பதில் கிடையாது. 13 வகை வீடும் அரசு சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான். எஞ்சியவர்கள் எண் போட்ட 'தற்காலிக' காலனிகளில் குடிசை போட்டார்கள். தற்காலிகம் பல பத்தாண்டுகள் நீடித்தது. மது சரின் என்ற ஆய்வாளர் 1982-லேயே ஒரு நூலில் இதை விரிவாகச் சுட்டிக்காட்டினார். மலிவு விலையில் காய்கறியும் சாப்பாடும் விற்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் திட்டத்தில் இடமில்லை. அவர்கள் இல்லாமல் ஊழியர் வீட்டு அடுப்பு எரியாது என்பது வேறு விஷயம்.

நகரத்துக்காக நிலம் இழந்த கிராமங்களில் சில, செக்டர்களுக்கு நடுவே தீவுகளாக மாட்டிக்கொண்டன. செக்டர் 45-ல் உள்ள புரைல் ஓர் உதாரணம். நேர்கோட்டுச் சாலையிலிருந்து திரும்பினால் சந்து, மாடிக்கு மேல் மாடி, தலைக்கு மேல் மின்கம்பிகள். வாடகை கட்டுபடியாகும் என்பதால் கடைச் சிப்பந்தியும் டிரைவரும் வேலை தேடி வந்த பட்டதாரியும் தங்குவது இப்படிப்பட்ட கிராமங்களில்தான்.

தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த நான்காம் எண் காலனி 2022 மே 1-ம் தேதி இடிக்கப்பட்டது. தொழிலாளர் தினத்தில் தொழிலாளர் குடியிருப்பின் மீது புல்டோசர் ஓடியது. தகுதியை நிரூபித்த ஒரு பகுதியினருக்கு நகரின் மறு கோடியில் மலோயாவில் சிறு வீடுகள் கிடைத்தன. காகிதம் காட்ட முடியாதவர்கள் கைச்சாமானோடு நின்றார்கள்.

வரைபடத்தை மீறிய ஒரே ஒருவரை மட்டும் சண்டிகர் கொண்டாடுகிறது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல், பீங்கான், இடித்த கிராமங்களின் கழிவு ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, ஏரிக்கு அருகே அரசு நிலத்தில் பல வருடம் ரகசியமாக ஒரு சிற்ப உலகத்தைக் கட்டினார். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் விட்டது அதிர்ஷ்டம். 1976-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்த ராக் கார்டன்தான் இன்று வெளியூர் விருந்தாளியை முதலில் அழைத்துப் போகும் இடம்.

அரசுகள் பல, அதிகாரம் தொலைவில்

நிர்வாகத்துக்கென்றே பிறந்த நகரத்துக்குத் தன்னை நிர்வகித்துக்கொள்ளும் உரிமை குறைவு என்பது இன்னொரு வினோதம். 1966-ல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது சண்டிகர் யூனியன் பிரதேசமானது. அதே நேரத்தில் பஞ்சாப், ஹரியானா இரண்டுக்கும் தலைநகரமும் ஆனது. ஒரே கட்டடத்தில் இரண்டு சட்டமன்றங்கள். 1984 முதல் பஞ்சாப் கவர்னரே நகரின் நிர்வாகி. 1985 ராஜீவ்-லோங்கோவால் ஒப்பந்தப்படி 1986 குடியரசு தினத்தில் சண்டிகர் பஞ்சாபிடம் போக வேண்டும். போகவில்லை. 2022 ஏப்ரலில்கூட அதைத் தங்களிடம் தரக் கோரி பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் போட, ஹரியானா தன் உரிமையை வலியுறுத்திப் பதில் தீர்மானம் போட்டது.

குடியிருப்பவர்களுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒரே ஒரு எம்.பி. 1994-ல் வந்த மாநகராட்சியின் மேயருக்குப் பதவிக்காலம் ஒரே வருடம். 2024-ல் நடந்த மேயர் தேர்தலில் தேர்தல் அதிகாரியே வாக்குச்சீட்டுகளைச் செல்லாததாக்கிய விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், முடிவு மாற்றப்பட்டது. வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டுவதா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பது எப்போதும் மேலே இருக்கும் யாரோ.

அந்த ஒரு அறைதான் இன்றைய பெரிய சண்டை. முதல் 30 செக்டர்கள் ஒன்றரை லட்சம் பேருக்காகவும், முழு நகரம் ஐந்து லட்சம் பேருக்காகவும் வரையப்பட்டன. 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 10.55 லட்சம். பெரிய வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து மூன்று குடும்பங்கள் வாங்குவது வழக்கமாகிவந்தது. முதல் 30 செக்டர்களில் இதற்கு 2023 ஜனவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும், சாலையும் சாக்கடையும் தாங்காது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வீட்டில் பங்கு கேட்கும் மூன்று பிள்ளைகளுக்கும், ஒரு மாடியையாவது வாங்க நினைத்த ஓய்வூதியருக்கும் வழி அடைபட்டதும் நிஜம்.

சண்டிகருக்குப் பின் காந்திநகர் வந்தது, நவ ராய்ப்பூர் வந்தது, ஆந்திராவில் அமராவதி எழும்புகிறது. எல்லாவற்றிலும் தலைமைச் செயலகம் எங்கே, அமைச்சர் வீடு எங்கே என்பது முதல் நாளே தெளிவாகிவிடுகிறது. சண்டிகரின் எழுபது வருட அனுபவம் கேட்கச் சொல்வது வேறு. கட்டி முடித்த கொத்தனார் எங்கே இருப்பார்? வேலை முடிந்த குமாஸ்தா எங்கே போவார்? பதின்மூன்று வகை வீடு போட்ட மேதைகள் இந்த இரண்டு பேருக்கு ஒரு வகை போட மறந்தார்கள். அதைப் போடாத எந்தத் தலைநகரிலும் மரம் எவ்வளவு நிழல் தந்தாலும் குடியிருப்பவர் விருந்தாளிதான்.